டொராண்டோ ரயில் திட்டங்களும் ஆட்சி மாற்றங்களும்

டொராண்டோ கனடாவின் மிகப் பெரிய நகரம். ஒன்டாரியோ மாகாணத்தின் தலைநகரம். கனடாவின் முதல் சுரங்க ரயில் 1954 மார்ச்சில் இந்நகரின் யங் தெருவுக்கு அடியில் ஓடத் தொடங்கியது. அடுத்த கால் நூற்றாண்டுக்குப் பாதைகள் தொடர்ந்து நீண்டன. 1980க்குப் பிறகு அந்த வேகம் அற்றுப்போயிற்று. திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மாகாணத்திலோ நகரசபையிலோ ஆட்சி கைமாறியபோதெல்லாம் முன்னவர்களின் வரைபடத்தை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை வரைந்தார்கள். இந்த இழுபறியில் அதிகம் இழந்தது நகரின் கிழக்கே உள்ள ஸ்காப்ரோ. இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி அது.

அதிகாரமும் பணமும்

கனடிய அரசியலமைப்பின்படி நகராட்சிகள் மாகாணங்களின் பொறுப்பில் உள்ளவை. மாகாணச் சட்டமன்றம் நினைத்தால் ஒரு நகரசபையை உருவாக்கலாம், இணைக்கலாம், சுருக்கலாம். 1998இல் ஸ்காப்ரோ, நார்த் யார்க், எட்டோபிக்கோ உள்ளிட்ட ஆறு நகராட்சிகளை மாகாண அரசு ஒன்றாக்கியது. அங்கங்கே நடந்த வாக்கெடுப்புகளில் மக்கள் வேண்டாமென்று சொல்லியிருந்தும் அது நிற்கவில்லை. 2018இல் நகரசபைத் தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருக்கும்போதே உறுப்பினர் எண்ணிக்கையை 25ஆகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் மாகாணத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது.

பணத்திலும் இதே நிலைதான். நகரசபையின் கையில் உள்ள பெரிய வருவாய் சொத்து வரி. பஸ், ஸ்ட்ரீட்கார், சப்வே மூன்றையும் நடத்தும் டிடிசி நிறுவனத்துக்குப் பயணக் கட்டணம். சுரங்கம் தோண்ட இவை போதா. 1970களிலிருந்து கட்டுமானச் செலவில் 75 விழுக்காட்டை மாகாணம் ஏற்றுவந்தது. 1990களின் பிற்பகுதியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு பாதைக்கும் நகரம், மாகாணம், ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு ஆகிய மூன்றிடமும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டியதாயிற்று. மூன்றுக்கும் வெவ்வேறு காலங்களில் தேர்தல். திட்டமிட்டுக் கட்டி முடிக்கப் பத்தாண்டு எடுக்கும் ஒரு பாதை ஆறேழு தேர்தல்களைத் தாண்டியாக வேண்டும். டொராண்டோவின் கதைக்கு இந்தக் கணக்கே அடிப்படை.

மூடப்பட்ட குழி, 1995

பாப் ரே தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி அரசு 1994இல் இரண்டு சுரங்கப் பாதைகளுக்கு வேலையைத் தொடங்கியது. ஒன்று எக்ளின்டன் தெருவின் மேற்குப் பகுதியில், மற்றது ஷெப்பர்ட் தெருவில். 1995 ஜூன் தேர்தலில் மைக் ஹாரிஸின் முற்போக்குப் பழமைவாதக் கட்சி செலவுக் குறைப்பை முழக்கமாக்கி வென்றது. அடுத்த மாதமே எக்ளின்டன் பாதை நிறுத்தப்பட்டது. ஆலன் சாலை அருகே தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மூடினார்கள். வேலை தொடங்கிவிட்டால் திட்டத்துக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது.

ஷெப்பர்ட் பாதை தப்பியதற்குக் காரணம் அரசியல். நார்த் யார்க் மேயர் மெல் லாஸ்ட்மேன் அதற்காக விடாமல் வாதாடினார். ஆனால் முழுதாகத் தப்பவில்லை. ஸ்காப்ரோ நகர மையம் வரை போக வேண்டிய பாதை டான் மில்ஸில் நின்றது. 2002 நவம்பரில் திறந்தபோது அதன் நீளம் 5.5 கிலோமீட்டர், நிலையங்கள் ஐந்து. எக்ளின்டனில் அந்தப் பழைய பாதை முடிந்திருக்க வேண்டிய பிளாக் கிரீக் பக்கமிருந்தே 2011இல் மறுபடியும் தோண்டத் தொடங்கினார்கள். இடையில் போன பதினாறு ஆண்டுகளை எந்த வரவுசெலவுத் திட்டமும் செலவாகக் காட்டுவதில்லை. கட்டப்படாத பாதையின் உண்மையான விலை அதுதான்.

டிரான்சிட் சிட்டி

2007 மார்ச்சில் மேயர் டேவிட் மில்லரும் டிடிசி தலைவர் ஆடம் ஜியம்ப்ரோனும் 'டிரான்சிட் சிட்டி' என்ற திட்டத்தை அறிவித்தனர். ஏழு இலகு ரயில் பாதைகள், மொத்தம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இலகு ரயில் பெரும்பாலும் சாலையின் நடுவே தனக்கென ஒதுக்கிய தடத்தில் ஓடும். சுரங்கத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கே ஆகும். மையநகரைச் சுற்றியே பாதைகள் குவிந்திருந்த நகரில், வருமானம் குறைந்த புறப்பகுதிகளுக்கு ரயிலைக் கொண்டுபோக முனைந்த திட்டம் இது. ஏழில் ஒன்று ஸ்காப்ரோவின் மால்வேர்னுக்குப் போவது. இன்னொன்று ஷெப்பர்ட் கிழக்குப் பாதை. டால்டன் மெக்கின்டியின் லிபரல் மாகாண அரசு சில பாதைகளுக்கு நிதி ஒதுக்கியது. 2009 டிசம்பரில் ஷெப்பர்ட் கிழக்கில் வேலை தொடங்கியது. ஆனால் 2010 வரவுசெலவுத் திட்டத்தில் மாகாணம் 400 கோடி டாலரைத் தள்ளிப்போட்டது. மில்லரின் பதவிக்காலத்துக்குள் ஒப்பந்தங்களைப் போட்டு முடித்துவிடும் வாய்ப்பு அதோடு போனது. பின்னால் நேர்ந்ததற்கு அடுத்த மேயர் ராப் ஃபோர்டை மட்டும் குறை சொல்பவர்கள் இந்தத் தாமதத்தை மறந்துவிடுகிறார்கள்.

2010 அக்டோபர் தேர்தலில் ஃபோர்ட் மேயரானார். சாலையில் கார்களுக்கான தடத்தை ரயில் பறிக்கிறது, புறநகர் மக்களுக்கும் சுரங்க ரயில்தான் தகும் என்பவை அவர் வாதங்கள். செயின்ட் கிளேர் தெருவில் ஸ்ட்ரீட்கார் தடம் அமைக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக் கடைக்காரர்களை வருத்தியிருந்ததால் அந்தப் பேச்சு எடுபட்டது. டிசம்பர் 1ஆம் தேதி, பதவியேற்ற நாளிலேயே, டிரான்சிட் சிட்டி முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அதில் அடங்கிய எக்ளின்டன் பாதையை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. சுரங்கம் தோண்டும் எந்திரங்களுக்கு ஏற்கெனவே ஆர்டர் போயிருந்தது, பணமும் மாகாணத்தினுடையது. எனவே 2011 மார்ச்சில் மாகாணத்தோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்து, அப்பாதை முழுவதையும் தரைக்கு அடியில் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். ஷெப்பர்டில் தனியார் பணத்தில் சுரங்கம் கட்டுவதாகச் சொன்னார். அந்தப் பணம் வரவே இல்லை.

ஒப்பந்தத்தை அவர் நகரசபையின் வாக்கெடுப்புக்கு வைக்கவில்லை. டொராண்டோ மேயருக்கு அப்போது நகரசபையில் ஒரு வாக்குதான். 2012 பிப்ரவரி 8ஆம் தேதி டிடிசி தலைவர் கேரன் ஸ்டின்ட்ஸ் முன்னின்று கூட்டிய சிறப்புக் கூட்டத்தில் 25க்கு 18 என்ற கணக்கில் பழைய எக்ளின்டன் வடிவம் மீட்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் டிடிசியின் தலைமைப் பொது மேலாளர் கேரி வெப்ஸ்டரை ஃபோர்டின் ஆதரவு உறுப்பினர்கள் ஐந்துக்கு நான்கு வாக்கில் பதவி நீக்கினர். இலகு ரயிலே ஏற்றது என்று தொழில்முறைக் கருத்துச் சொன்னவர் அவர். மார்ச்சில் ஷெப்பர்டுக்கும் இலகு ரயிலே என்று நகரசபை தீர்மானித்தது.

ஆட்சி மாற்றம் திட்டத்தை மட்டும் தொடுவதில்லை, திட்டம் தீட்டுபவர்களையும் தொடுகிறது. வெப்ஸ்டரின் நீக்கம் இந்த வரலாற்றில் மிக வருந்தத்தக்க நிகழ்வு. மேயருக்குப் பிடிக்காததைச் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்த ஒரு பொறியாளர், அடுத்த அறிக்கையை எப்படி எழுதுவார்?

ஸ்காப்ரோவின் காத்திருப்பு

ஸ்காப்ரோவுக்கு 1985இல் கிடைத்த ரயிலே ஓர் அரசியல் முடிவின் விளைவு. கென்னடியிலிருந்து மெக்கோவன் வரை ஸ்ட்ரீட்கார் பாதையாகத் திட்டமிட்டு வேலை நடந்துகொண்டிருந்தபோது, மாகாண அரசு தன் சொந்த நிறுவனம் உருவாக்கிய புதிய ரயில் நுட்பத்தை அங்கே புகுத்தியது. உலகுக்கு விற்பதற்கு முன் உள்ளூரில் ஓட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆறு நிலையங்களைக் கொண்ட 6.4 கிலோமீட்டர் பாதை, நகரின் வேறெந்தப் பாதையோடும் பொருந்தாத பெட்டிகளோடு தனித்து நின்றது. பெட்டிகளுக்கு வயதானபோது அவற்றைப் போல வேறு வாங்குவதும் எளிதாக இல்லை.

மாற்றாக, ஏழு நிலையங்கள் கொண்ட இலகு ரயிலுக்கு மாகாணம் முழுச் செலவையும் ஏற்பதாக 2012இல் நகரத்துடன் ஒப்பந்தமும் கையெழுத்தானது. சாலையைத் தொடாமல் தனக்கே உரிய வழித்தடத்தில் அது ஓடியிருக்கும். 2013 அக்டோபரில் நகரசபை 24க்கு 20 வாக்கில் அதைத் தூக்கிவிட்டு, மூன்று நிலையச் சுரங்கப் பாதையைத் தேர்ந்தது. இம்முறை எல்லாக் கட்சிகளும் சேர்ந்தே அதைச் செய்தன. அந்த ஆகஸ்டில் நடந்த ஸ்காப்ரோ–கில்ட்வுட் இடைத்தேர்தலில் லிபரல் கட்சியே சுரங்க ரயிலை முன்வைத்து வென்றிருந்தது. ஸ்டீபன் ஹார்ப்பரின் மத்திய அரசு 66 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. நகரம் தன் பங்குக்குச் சொத்து வரியை உயர்த்தியது.

ஸ்காப்ரோ மக்கள் சுரங்க ரயிலைக் கேட்டதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. பத்தாண்டுக்கணக்கில் இரண்டாந்தரமாக நடத்தப்பட்டவர்கள், மையநகருக்குக் கொடுத்ததையே எங்களுக்கும் கொடுங்கள் என்றார்கள். அந்த ஆதங்கத்தை வாக்காக மாற்றத் தெரிந்த அரசியல்வாதிகள், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் இன்னும் எத்தனை ஆண்டு நிற்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

2014இல் மேயரான ஜான் டோரி, இருக்கும் புறநகர் ரயில் தடங்களையே பயன்படுத்தும் 'ஸ்மார்ட்டிராக்' என்ற புதுத் திட்டத்தோடு வந்தார். 2016இல் ஸ்காப்ரோ சுரங்கம் ஒரே நிலையமாகச் சுருங்கியது. மறு ஆண்டு அந்த ஒரு நிலையத்தின் மதிப்பீடு 335 கோடி டாலராக ஏறியது. 2018 ஜூனில் ராப் ஃபோர்டின் அண்ணன் டக் ஃபோர்ட் ஒன்டாரியோ முதல்வரானார். 2019 ஏப்ரலில் மறுபடியும் மூன்று நிலையங்கள் என்றார். இத்தனை மாற்றங்களுக்கிடையே பழைய ரயில் தேய்ந்துகொண்டிருந்தது. 2023 ஜூலை 24 மாலை அதன் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது, சிலர் காயமடைந்தனர். அதன்பின் அந்தப் பாதை திறக்கப்படவே இல்லை. பயணிகள் மாற்றுப் பேருந்துகளில் ஏறினார்கள்.

மாகாணம் கையிலெடுத்தது

டக் ஃபோர்டின் 2019 அறிவிப்பு 2,850 கோடி டாலர் மதிப்புள்ளது. நகரம் பல ஆண்டு ஆய்வுக்குப் பின் வடிவமைத்திருந்த 'ரிலீஃப்' பாதையின் இடத்தில், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஒன்டாரியோ பாதை வந்தது. அதே ஆண்டு நிறைவேறிய சட்டம், புதிய சுரங்கப் பாதைகளைத் திட்டமிடும் உரிமையை நகரத்திடமிருந்து மாகாணத்துக்கு மாற்றியது. ஷெப்பர்ட் கிழக்கு இலகு ரயில் கைவிடப்பட்டது. அதற்காக அஜின்கோர்ட் நிலையத்தருகே ரயில் தடத்துக்கு அடியில் கட்டிய சாலை மட்டும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒன்டாரியோ பாதைக்கு முதலில் சொன்ன 1,090 கோடி டாலர் மதிப்பீடு பிற்பாடு இரு மடங்கைத் தாண்டியது.

மாகாணத்தின் கையில் முடிவு குவிந்ததால் வேலை வேகம் பிடித்தது உண்மை. ஸ்காப்ரோவில் சுரங்கம் தோண்டும் எந்திரம் 2023 ஜனவரியில் இறங்கியது. ஆனால் மாகாணத்தில் அடுத்து ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்தச் சட்டம் தீர்க்கவில்லை. ஒரே கையில் குவிந்த முடிவை அதே கையால் எளிதாகத் திருப்பவும் முடியும்.

ஒன்டாரியோவின் பிற நகரங்கள்

ஒட்டாவாவில் வடக்கு–தெற்கு இலகு ரயிலுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 2006 நவம்பரில் மேயர் பாப் சியரெல்லி தோற்று லாரி ஓ'பிரையன் வந்தார். மத்திய அரசு 20 கோடி டாலரைத் தேர்தல் முடியும் வரை நிறுத்தி வைத்திருந்தது. டிசம்பரில் புதிய நகரசபை திட்டத்தை ரத்து செய்தது. ஒப்பந்ததாரர்கள் வழக்குப் போட்டனர். நகரம் கோடிக்கணக்கில் இழப்பீடு கொடுத்துத் தீர்த்தது. வேறொரு தடத்தில் ரயில் ஓட 2019 செப்டம்பர் ஆயிற்று.

ஹாமில்டனில் நடந்தது வேறு விதம். அங்கே இலகு ரயிலை 2019 டிசம்பரில் ரத்து செய்ததும், மத்திய அரசு பாதிச் செலவை ஏற்க முன்வந்தபின் 2021 மே மாதம் மீட்டதும் ஒரே மாகாண அரசு. மொத்தம் 340 கோடி டாலர். ரத்து செய்தவர்களே பின்வாங்குவது அரிது. நிதியின் ஒரு பகுதி வேறொரு மட்டத்து அரசிடமிருந்து வரும்போது அது நடக்கிறது.

இன்றைய நிலை

டிரான்சிட் சிட்டியின் ஏழு பாதைகளில் இரண்டே முழுமையான கட்டுமானம் வரை வந்தன. ஃபின்ச் மேற்குப் பாதை 18 நிறுத்தங்களோடு 2025 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. எக்ளின்டன் பாதை, குறித்திருந்த 2020ஐத் தாண்டிப் பல ஆண்டுகள் இழுத்தது. அந்தத் தாமதத்துக்கு ஒப்பந்த முறையும் கட்டுமானக் கோளாறுகளும் காரணம், அதை ஆட்சி மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது. மால்வேர்னுக்கான பாதையை எக்ளின்டன் கிழக்கு இலகு ரயில் என்ற பெயரில் நகரம் மறுபடி வடிவமைத்திருக்கிறது. அதற்குக் கட்டுமான நிதி தர 2025 வரை மாகாணமோ மத்திய அரசோ முன்வரவில்லை.