ஒரு கறுப்பு ஸ்டிக்கரின் கதை

பழைய மின்கிற்றார் ஒன்றை வாங்கப் போனால் நாங்கள் கேட்கிற முதற்கேள்வி விலை. இரண்டாவது, "பிக்கப் கொம்பனி போட்டதோ, மாத்தினதோ?" விற்கிறவர் எப்பவும் ஒரே பதில்தான் சொல்லுவார்: "எல்லாம் ஒறிஜினல், தம்பியவை." போன மாதம் எங்கட குழுவுக்கு ஒரு கிற்றார் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். வாங்கிக்கொண்டு வந்து பின்பக்கத்தைக் கழட்டிப் பார்த்தோம். அங்கே கண்டதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முதல், இந்தக் கேள்வி எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒரு காலத்தில் இதை யாருமே கேட்டதில்லை.

பிக்கப் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை மாதிரிச் செப்புக்கம்பி. மேலே இரும்புத் தந்தி அதிர, சுருளில் சின்ன மின்சாரம் பிறக்கிறது. 1931இல் ஜோர்ஜ் போஷாம்ப் என்பவர் குதிரைலாடக் காந்தத்தை வைத்துச் செய்த வேலை இது. காப்புரிமை கிடைக்க 1937 ஆகிவிட்டது. ஆனால் ஒற்றைச் சுருளுக்கு ஒரு வியாதி உண்டு. தந்தியை மட்டுமல்ல, சுற்றியிருக்கிற மின்கம்பிகளையும் அது கேட்கும். ட்யூப் லைட்டுக்குக் கிட்டப் போனால் 'உம்ம்ம்' என்று இரையும். மேடையில் நின்ற ஆக்களுக்கு அந்த இரைச்சல் நல்லாத் தெரியும்.

அமெரிக்காவின் கலமாசூ நகரில், கிப்சன் கொம்பனியில் வேலை செய்த சேத் லவர் இதற்கு வழி கண்டார். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சுருள்கள். ஒன்றில் காந்தத்தின் வடமுனை, மற்றதில் தென்முனை. இரண்டையும் எதிரெதிராக இணைத்தால், வெளியிலிருந்து வருகிற இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று சேரும். 1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1957இல் லெஸ் போல் கிற்றார்களில் இந்தப் பிக்கப் ஏறியது. அடித்தட்டில் சின்னக் கறுப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். அதில் பொன் எழுத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த மூன்று சொல்லின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் இன்றைக்கு எல்லாரும் 'பிஏஎஃப்' என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், காப்புரிமை 1959 ஜூலையிலேயே கிடைத்துவிட்டது. 'விண்ணப்பித்திருக்கிறோம்' ஸ்டிக்கரோ 1962 வரைக்கும் ஒட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. பிறகு இலக்கத்தோடு புது ஸ்டிக்கர் வந்தது. அதிலிருந்த இலக்கம் 2,737,842. அது பிக்கப்பின் இலக்கமே இல்லை! லெஸ் போலின் தந்திதாங்கிக்குக் கிடைத்த காப்புரிமை அது. சேத் லவருடையது 2,896,491. போட்டிக்காரர் தேடிப்போய் ஏமாறட்டும் என்று வேண்டுமென்றே செய்தது என்று சிலர் சொல்லுவினம். வெறும் பிழை என்பினம் வேறு சிலர். எப்படியோ, ஸ்டிக்கரை மட்டும் நம்பிக் கிற்றார் வாங்குகிறவர்கள் இதை ஒருக்கா யோசிக்கவேணும். உண்மையான ஸ்டிக்கரே உண்மை சொல்லவில்லை. போலி ஸ்டிக்கர் அச்சடிக்கிறது அதைவிடச் சுகம்.

அப்ப எதைப் பார்த்து அடையாளம் காண்கிறார்கள்? சுருள் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கட்டையை. அச்சு விட்ட சின்னச் சின்னத் தடங்கள், துளையின் வடிவம், கம்பியின் நிறம், அடித்தட்டிலுள்ள கோடுகள். இவற்றைப் போலி செய்வது ஸ்டிக்கரைப் போல லேசில்லை. கட்டையின் நிறமும் ஒரு கதை. வழக்கமாகக் கறுப்பு, 1959 அளவில் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுப்பட, கிறீம் நிறத்திலும் செய்தார்கள். மேலே உலோக மூடி வருகிறதுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் பிற்காலத்தில் வாசிக்கிறவர்கள் சத்தத்துக்காக மூடியைக் கழட்டத் தொடங்க, கிறீம் வெளியே தெரிந்தது. இன்றைக்கு இரண்டு பக்கமும் கிறீமாக உள்ள பிஏஎஃப்புக்கு விலை இன்னும் கூட. தட்டுப்பாட்டில் செய்த சமாளிப்புக்கு வந்த மவுசு.

அந்தக் காலத்துச் சுற்றுகளும் ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொரு சுருளிலும் சுமார் 5,000 சுற்று என்பது கணக்கு. நடைமுறையில் கூடும், குறையும். அதனால்தான் பழைய பிஏஎஃப்களை அளந்தால் ஒன்று 7 கிலோ ஓம் காட்டும், இன்னொன்று 9 காட்டும். காந்தமும் அப்படித்தான்: கையில் எந்த அல்னிக்கோ இருந்ததோ அது போனது. ஃபெண்டரில் 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா என்ற பெண் சுற்றிய பிக்கப்புகளுக்குப் பின்னாளில் அவருடைய பெயருக்காகவே தனி விலை கிடைத்தது. கிற்றார் வரலாறுகளில் வாசித்த ஆண்களின் பெயர்தான் நிறைய. சுற்றிய கைகளில் இப்படிப் பெயர் தெரிந்தவை மிகக் கொஞ்சம். எங்களுக்கு இது உறுத்துகிறது.

'கொம்பனிப் பிக்கப்' என்ற பேச்சு சூடுபிடித்தது 1970களில். லரி டிமார்சியோ 'சூப்பர் டிஸ்டோர்ஷன்' என்ற பிக்கப்பைத் தனியாக விற்கத் தொடங்கினார். கழட்டிப்போட்டு மாற்றுவதற்கென்றே ஒரு சந்தை பிறந்தது. மாற்ற ஒன்று வந்த பிறகுதானே, 'மாற்றாதது' என்ற சொல்லுக்கு அர்த்தம் வரும்? அதற்கு முதல் பிக்கப் என்றால் கிற்றாரின் உறுப்பு, அவ்வளவுதான்.

தரத்துக்கு வருவோம். கன பேர் மல்ரிமீற்றரை வைத்து ஓம் பார்த்து, 'இது 14 காட்டுது, செம பவர்' என்பினம். இது அரைகுறைக் கணக்கு. மெல்லிய கம்பி போட்டால் அதே சுற்றுக்கே தடை கூடக் காட்டும். சத்தம் அதற்கேற்பக் கூடாது. செப்பின் தடை வெப்பத்தோடும் ஏறும்: 20 பாகையில் 8 கிலோ ஓம் காட்டுகிற பிக்கப், 32 பாகை வெயிலில் கிட்டத்தட்ட 8.4 காட்டும். யாழ்ப்பாணத்து மத்தியானத்தில் அளந்தால் எல்லாப் பிக்கப்பும் கொஞ்சம் 'பவர்'தான். மீற்றர் உதவுவது வேறு விசயத்துக்கு. சுருள் அறுந்திருக்கிறதா, இரண்டு பிக்கப்பும் ஒரே சோடியா என்று அது சொல்லும். தரத்தைக் காதுதான் சொல்லும். அதுவும் பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்த பிறகு. தந்திக்கு மிகக் கிட்டவோ தூரவோ வைத்துவிட்டு, 'கொம்பனிப் பிக்கப் குப்பை' என்று காசைக் கரைத்தவர்கள் எங்களிலேயே இருவர் இருக்கிறோம்.

பிழையாக வந்ததே புகழானதும் உண்டு. பீற்றர் கிறீனின் 1959 லெஸ் போலில் கழுத்துப் பக்கப் பிக்கப்பின் காந்தம் புரண்டு கிடந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கால் பேசுவது போல ஒரு வெறுமையான ஒலி. எந்தத் தரச்சோதனையிலும் அது தேறியிராது. அந்தக் கிற்றார் பிறகு கரி மூரிடம் போனது, இப்போது கேர்க் ஹமெற்றிடம் இருக்கிறது. யாரும் காந்தத்தைத் திருப்பி வைக்கவில்லை.

எங்கட கிற்றார்? கழுத்துப் பக்கத்தில் இருந்தது கொம்பனிப் பிக்கப்தான். சோல்டர் மங்கிப்போய், தூசி பிடித்து, யாரும் தொட்ட அடையாளம் இல்லை. பாலத்துப் பக்கத்தில் சோல்டர் பளபளத்தது. நான்கு வயர் வந்தது, காந்தம் செராமிக், வளையத்துக்குக் கீழே பழைய இரண்டு திருகாணித் துளை. மாற்றினதுதான். 'எல்லாம் ஒறிஜினல்' என்ற ஆளுக்கு அழைப்பு எடுப்பமா என்று ஒரு சண்டை நடந்தது. கடைசியில் உயரத்தைச் சரிபண்ணி, இரண்டையும் மாறிமாறி வாசித்துப் பார்த்தோம். நாலு பேரில் மூன்று பேருக்குப் பிடித்தது மாற்றின பிக்கப். நாலாவது ஆள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.