கேன் பஸ் கம்பிக் கோளாறு

காரின் எஞ்சின், பிரேக், ஏர்பேக் முதலியவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் தடம் கேன் பஸ். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் இதை அறிமுகப்படுத்தியது. ஹை, லோ என்ற இரு கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும். தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை உண்டு.

கோளாறைத் தேட முதலில் வேண்டியது சாதாரண மல்டிமீட்டர்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, டாஷ்போர்டுக்குக் கீழுள்ள ஓ.பி.டி. சாக்கெட்டின் 6, 14-ஆம் பின்களுக்கிடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனைத்தடை போய்விட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டன. (சாக்கெட்டையும் உள்தடத்தையும் பிரிக்கும் கேட்வே பெட்டி நடுவில் உள்ள கார்களில் இந்த அளவை நம்பி உள்தடத்தை எடைபோட முடியாது.) பேட்டரியை மீண்டும் இணைத்து வோல்டேஜைப் பார்த்தால், தடம் ஓய்ந்திருக்கையில் இரு கம்பிகளிலும் சுமார் 2.5 வோல்ட், தகவல் ஓடும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும்.

ஸ்கேனர், தகவல்தொடர்புக் கோளாறைக் குறிக்கும் ‘யு’ வரிசைக் குறியீடுகளைக் காட்டியதுமே பெட்டியை மாற்றச் சொல்வது அவசரபுத்தி. பச்சை பூத்த கனெக்டர், கதவு மடிப்பில் ஒடிந்த கம்பி, பின்னாளில் செருகிய அலாரம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஷார்ட் என்றால் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றியதும் மீட்டர் நிமிர்கிறதோ, கோளாறு அந்தக் கிளையில்தான்.