ஈயத்துக்கு ஆகாத மூக்கு

2020க்குப் பிறகு வந்த 350 சிசி புல்லட் ஒன்று உங்கள் தெருவில் நின்றால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகிற வளைந்த குழாயில், ஸ்பார்க் பிளக் மாதிரி ஒரு சமாசாரம் திருகியிருக்கும். வாலில் ஒயர். ஆக்ஸிஜன் சென்சார் என்று பெயர். லாம்டா சென்சார் என்றும் சொல்வார்கள். வண்டியின் மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். புகையை மோந்து பார்ப்பதுதான் அதற்கு முழுநேர உத்தியோகம்.

எதற்காக மோந்து பார்க்க வேண்டும்? ஒரு கிராம் பெட்ரோல் ஒழுங்காக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் புகையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் மிஞ்சும். கூடினால் நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்க முடியாது. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் தீர்த்துக்கட்டத்தான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற டப்பா. ஆனால் அது பெரிய பிடிவாதக்காரர். கலவை 14.7ஐ ஒட்டி நின்றால்தான் மூன்றையும் கவனிக்கும். இல்லையென்றால் ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிடும்.

அங்கேதான் மூக்கு வேலைக்கு வருகிறது. தையல்காரர்கள் விரலில் மாட்டிக்கொள்வார்களே ஒரு உறை, அந்த வடிவத்தில் உள்ளே ஒரு பீங்கான். (இப்போது தட்டையான சில்லாகவும் வருகிறது.) உறையின் உள்ளே சுத்தமான வெளிக்காற்று, வெளியே சூடான புகை. இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. புகையில் ஆக்ஸிஜன் இல்லையென்றால் இந்தப் பக்கத்து ஆக்ஸிஜன் அயனிகள் பீங்கானுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகப் பார்க்கும். அந்தத் தள்ளுமுள்ளில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் மின்சாரம் பிறக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் 0.1 வோல்ட். நடுவில் பெரிதாக ஒன்றும் கிடையாது.

ரசத்துக்கு உப்பு பார்க்கிற பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிராம் கூட என்றெல்லாம் பாட்டி சொல்ல மாட்டாள். 'கரிக்குது', இல்லையென்றால் 'பத்தலை'. அவ்வளவுதான். வண்டியின் கம்ப்யூட்டரும் அதைக் கேட்டுக்கொண்டு பெட்ரோலைக் குறைக்கும், கூட்டும், மறுபடி குறைக்கும். ஓடுகிற நேரமெல்லாம் இதே கூத்துதான்.

இந்தப் பீங்கானின் ஜாதகம் சுவாரசியமானது. ஸிர்கோனியாவில் கொஞ்சம் இட்ரியா கலந்தது. நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிறார்களே ஜிர்கான், அதே குடும்பம். 1890களின் கடைசியில் வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைக் கையில் எடுத்தபோது அவர் நினைப்பில் காரோ புகையோ இல்லை. விளக்கு செய்யப் பார்த்தார். சும்மா இருந்தால் இந்தக் குச்சியில் மின்சாரம் பாயாது. சூடேற்றினால் பாய்ந்து பளீரென்று ஒளிரும். ஏஇஜி கம்பெனி காப்புரிமையை நல்ல விலை கொடுத்து வாங்கியது. 1900ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நெர்ன்ஸ்ட் விளக்கு ஜொலித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் சூடேற்றிக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? டங்ஸ்டன் பல்பு வந்தது. நெர்ன்ஸ்ட் விளக்கு அணைந்தது.

1920ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு நெர்ன்ஸ்ட்டுக்குக் கிடைத்தது, வேறு ஆராய்ச்சிக்காக. 1941ல் இறந்துபோனார். மனிதருக்குக் கார் என்றால் உயிர். தன் பீங்கான் ஒருநாள் கார் புகைக்குழாயில் போய் உட்காரும் என்று தெரிந்திருந்தால் ரசித்திருப்பார். அது நடந்தது 1976ல். கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து வால்வோ கம்பெனி, பாஷ் தயாரித்த லாம்டா சென்சாரைத் தன் காரில் மாட்டியது. பழைய வியாதி மட்டும் போகவில்லை. 300 டிகிரி வரை சூடானால்தான் மூக்குக்கு வாசனை தெரியும். அதனால் 1982ல் உள்ளே ஒரு குட்டி ஹீட்டரையும் வைத்தார்கள்.

இந்த மூக்குக்கு அறவே ஆகாத ஒன்று உண்டு. ஈயம். இன்ஜினில் 'நாக்கிங்' வராமல் இருக்கப் பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று 1921ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகமே அந்தப் புகையைச் சுவாசித்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் குறைவு. ஆனால் கன்வெர்ட்டரின் பிளாட்டினத்தில் ஈயம் படிந்தால் அது செத்துவிடும், மூக்கும் அடைத்துக்கொள்ளும் என்றதும் காரியம் நடந்தது. அமெரிக்காவில் 1970களின் நடுவில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது, முதலில் கன்வெர்ட்டரைக் காப்பாற்றத்தான். குழந்தைகள் வரிசையில் பின்னால் நின்றார்கள்.

இங்கேயும் அதே வரிசைதான். எம்.சி. மேத்தா என்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த டெல்லி காற்று வழக்கின் நெருக்கடியில், 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அந்தக் கார்களுக்காக ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. மற்ற வண்டிகள் ஈயப் புகையையே விட்டுக்கொண்டிருந்தன. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். அப்படியானால் 1995ல் பிறந்த சென்னைக் குழந்தையின் முதல் ஐந்து வருடம்? கணக்கு உங்களுக்கே தெரியும்.

அதிலும் ஒரு வேடிக்கை. அப்போது கார்புரேட்டர் வண்டியிலும் கன்வெர்ட்டரை மாட்டினார்கள். உப்பு பார்க்கப் பாட்டி இல்லாத சமையல்! கார்களில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பரவிய பிறகுதான் மூக்கும் பரவியது. இரு சக்கர வண்டிகளோ பெரும்பாலும் கார்புரேட்டரோடுதான் ஓடின. மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைத் திருகி, காதைக் கொடுத்து, 'இப்ப சரியா இருக்கு சார்' என்பார். அந்தக் காது லேசுப்பட்ட வித்தை இல்லை. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு அதற்குக் கேட்காது.

1955ல் திருவொற்றியூரில் தொடங்கிய சென்னை புல்லட், 2013ல் ஓரகடத்துக்கும் வந்தது. பி.எஸ். 4க்கு அடுத்து, ஐந்தைத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்றது அரசாங்கம். 350 சிசி வண்டிகளுக்கு இன்ஜெக்‌ஷனும் மூக்கும் வந்தன. 500 சிசி வண்டிகளுக்கு அதே வருடம் இந்தியாவில் விடை கொடுத்துவிட்டார்கள். விதி அமலான அன்றைக்கு நாடே ஊரடங்கில் கிடந்தது.

இப்போது நம் பையன்கள் 'டப் டப்' சத்தத்துக்காக சைலன்சரை மாற்றுகிறார்கள். குழாய் சரியாகப் பொருந்தாமல், சென்சாருக்கு முன்னால் மயிரிழை இடைவெளி விழுந்தால்கூட வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். மூக்கு அதை மோந்து பார்த்து 'ஆக்ஸிஜன் ஜாஸ்தி' என்று புகார் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட ஊற்றும். பத்து நாள் கழித்து மைலேஜ் குறைஞ்சிடுச்சு என்று மெக்கானிக்கிடம் வந்து நிற்பார்கள். அவரும் பழக்க தோஷத்தில் ஸ்க்ரூவைத் தேடுவார்.