ஹெரால்டுக்கு அகல டயர் போடலாமா?

பி.காம். படிக்கிறவனுக்கு டயரைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்பீர்கள். துவாக்குடியில் இருந்து பாருங்கள், தெரியும். தஞ்சாவூர் ரோடு முழுக்க லாரி, சிட்கோ முழுக்க வெல்டிங் பொறி. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இரும்பிலும் ரப்பரிலும்தான் வந்து நிற்கும். போன வாரம் வகுப்பில் ஒரு வாக்குவாதம்: பழைய காருக்கு அகலமான டயர் போட்டால் கூடுவது பிடிப்பா, ஆபத்தா? இரண்டும் கூடும் என்பது என் கட்சி. சாட்சிக்கு வெளிநாடு போக வேண்டாம். மெட்ராஸிலேயே செய்த ஒரு கார் இருக்கிறது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

1960களில் இந்தியாவில் கார் என்றால் கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், நம்ம ஊரில் ஹெரால்டு. லைசென்ஸ் ராஜ் காலம், அதனால் தேர்ந்தெடுக்க அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர் பக்கம் தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி.தான், இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் இதுதான் துள்ளல் வண்டி. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். ட்ரையம்ஃப் இந்தக் காருக்குக் கொடுத்தது 5.20-13 அளவு டயர். அதாவது 5.2 அங்குல அகலம், 132 மில்லிமீட்டர். ரிம் மூன்றரை அங்குலம்தான். இன்றைய கண்ணுக்கு சைக்கிள் மாதிரி தெரியும். அதனால்தான் பழைய ஹெரால்டை வாங்குகிறவர் கை முதலில் டயருக்குப் போகிறது. 175/70 ஆர்13 போட்டால் ஒரே பாய்ச்சலில் 43 மி.மீ. அகலம் கூடும். படத்தில் பார்க்க ஜோராகத்தான் இருக்கும்!

சிக்கல் வண்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஹெரால்டின் பின் அச்சு 'ஸ்விங் ஆக்ஸில்' வகை. டிஃபரன்ஷியல் சேசிஸில் அசையாமல் நிற்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் போகிற அரை அச்சுகள் உள்முனையில் மட்டும்தான் மடங்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது, கீல் போட்ட கதவு மாதிரி, சாய்ந்துகொண்டே போகும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் வரும் பக்கவாட்டு விசை வண்டியின் பின்புறத்தைத் தூக்கப் பார்க்கும். தூக்கினால் சக்கரம் உள்நோக்கி மடியும். மடிந்தால் பிடிப்பு சட்டென்று போகும். பயந்து ஆக்சிலேட்டரை விட்டீர்களோ, மூக்கு தாழ்ந்து பின்பக்கம் இன்னும் எழும்பும்.

ஒல்லி டயர் அந்தக் கட்டம் வருவதற்குள் பெரும்பாலும் வழுக்கிவிடும். வழுக்கல் ஒரு எச்சரிக்கை. அகல டயர் வழுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால் தூக்கும் விசை ஏறிக்கொண்டே போகும். பிடிப்பைக் கூட்டப் போட்ட டயரே வண்டியைக் கவிழ்க்கவும் வழி செய்கிறது. இதுதான் நம்ம பசங்க நம்ப மறுத்த விஷயம்.

அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே, இதே வகைப் பின் அச்சு கொண்ட செவர்லே கார்வேர் காரைப் பற்றியதுதான். ட்ரையம்ஃப் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஹெரால்டின் அடித்தளத்தில் பிறந்த ஸ்பிட்ஃபயருக்கு 1970இல் மார்க் 4 வந்தபோது, பின் ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றைத் தவிர மற்றவை நடுவில் ஆடும்படி மாற்றினார்கள். சக்கரம் மடிவது வெகுவாகக் குறைந்தது. நம்ம ஊரில் வேறு வழி. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் ஸ்விங் ஆக்ஸிலையே கழற்றி எறிந்துவிட்டு, சாதாரண முழு அச்சைப் போட்டார்கள். நம்ம சாலைக்கும் நம்ம மெக்கானிக்குக்கும் அதுதான் சரி என்பேன்.

அப்போ இன்று ஹெரால்டு வைத்திருப்பவர் என்னதான் செய்வது? ஒல்லி ரிம்மில் அகல டயரைத் திணிக்கக்கூடாது. 175க்கு குறைந்தது நாலரை அங்குல ரிம் வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் 145, மிஞ்சிப் போனால் பொருத்தமான ரிம்மோடு 155, அதோடு ஸ்பிட்ஃபயர் பாணி ஸ்பிரிங். அதற்கு மேல் ஆசை வேண்டாம். ரேடியலும் பழைய கிராஸ்பிளையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்பது இந்த வண்டிக்கு விஷம்.

வேறு காரின் ரிம்மைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெரால்டின் நான்கு போல்ட்டுகள் அமையும் வட்டம் 95.25 மி.மீ., ஃபியட் ரிம்களில் பரவலாக இருப்பது 98. வித்தியாசம் மூன்று மி.மீ. கூட இல்லை, இழுத்துப் பிடித்து முடுக்கினால் ஏறிக்கூட விடும். ஆனால் ஸ்டட் ஒவ்வொன்றும் வளைந்த நிலையிலேயே ஓடும். ரிம்மை வெட்டி நடுவில் பட்டை வைத்து வெல்டிங் செய்கிற வேலையும் எனக்குப் பிடிக்காது (சிட்கோ அண்ணன்கள் மன்னிக்க!). சக்கரம் வெளியே தள்ளத் தள்ள பேரிங், அரை அச்சு எல்லாவற்றுக்கும் பாரம் கூடும். முன்பக்க ட்ரனியன் ஏற்கெனவே இந்த வண்டியின் பலவீனம். அதற்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போட வேண்டும். வறண்டால் ஒருநாள் முறியும்.

இன்னொன்று, ஹெரால்டின் பெருமையே 25 அடிக்குள் திரும்பும் அதன் முன்சக்கரம். அகல டயர் போட்டால் முழுசாக ஒடிக்கும்போது உரசக்கூடும். ஆளை ஏற்றி, இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்க்காமல் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. ஆகவே மாற்றத்துக்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது. விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.