முறையும் மரபும்: சிற்றூர்க் குடும்பநலக் கல்வியின் சொல்வரலாறு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல் எனப் பெயர் பெறும். உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் முதலியன கூறும் அவ்வியலின் பெயரையே, பெற்றோர் இயல்பு மக்கட்குச் செல்லும் வகையை ஆராயும் அறிவியல் துறைக்கு இக்காலத்தார் இட்டு வழங்குகின்றனர். ஆக்கம் நன்றே. ஆயின் அத்துறையின் செய்தியும், அதனோடு இணைத்துக் கூறப்படும் மகப்பேற்று வரையறையும் தமிழகச் சிற்றூர்களுக்கு எச்சொற்களின் வாயிலாகச் சென்றன என்பது ஈண்டு நோக்குதற்குரியது.

மகப்பேற்றை வரையறுக்கும் கருத்து முதற்கண் நகரத்துக் கற்றோரிடையே பரவியது. 1928இல் சென்னையில் புதிய மால்தூசியக் கழகம் தோன்றிற்று. தமிழில் இதனைப் பொதுமக்கள் முன் வைத்தோருள் பெரியார் ஈ. வெ. ரா. தலையாயவர். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் அவர் நூலில் கர்ப்பத்தடை பற்றித் தனிக் கட்டுரையே உண்டு. பிறர் வறுமையையும் உடல்நலத்தையும் காரணமாகக் காட்ட, அவர் பெண்ணின் விடுதலையைக் காட்டினார். பின்வந்த அரசுத் திட்டங்கள் இக்காரணத்தைப் பெரிதும் கைவிட்டன; அஃது ஓர் இழப்பே என்பது எம் கருத்து.

இந்திய அரசின் திட்டம் 1952இல் தொடங்கியது. சென்னை மாநிலம் 1950களின் பிற்பகுதியிலேயே அறுவை செய்துகொள்வோர்க்குப் பணம் வழங்கலாயிற்று. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்தில், 1964இல் ஊரக நலவாழ்வுக்கும் குடும்ப நலத்துக்குமான பயிற்சி நிறுவனம் எழுந்தது. சிற்றூர் மக்களின் வழக்கறிந்து கற்பிக்க வேண்டும் என்னும் நோக்கு அங்கே வேரூன்றியது. பின்னர்ச் சுவர்தோறும் சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்னும் தொடரும் இடம்பெற்றன. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நிகழ்ந்தன. அவற்றுட் பல வற்புறுத்தலின் விளைவு. 1977இல் துறையின் பெயர் ‘குடும்ப நலம்’ என மாறியது. மக்கள் வாயிலோ ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்னும் பழைய பெயர் அறுவையையே சுட்டும் சொல்லாக நின்றது. ‘குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள்’ என்னும் வழக்கை இன்றும் கேட்கலாம். எண்ணித் துணிதலைக் குறிக்கப் பிறந்த தொடர் கத்தியைக் குறிக்கலாயிற்று.

மரபியல் கல்வியின் நிலை இதனினும் சிக்கலானது. நம் உறவுமுறையில் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் மக்கள் உடன்பிறந்தார் முறையினர். அத்தை மக்களும் மாமன் மக்களுமோ கொள்வினை கொடுப்பினைக்கு உரியர். பல குடிகளில் தாய்மாமன் அக்காள் மகளை மணத்தலும் உண்டு. உயிரியலோ இவ்வேறுபாட்டை அறியாது. சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒருவனோடு மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கையே பொதுவாகக் கொள்வர். அக்காள் மகளோ நான்கில் ஒரு பங்கு. ஆகவே, ‘இரத்த உறவில் மணம் வேண்டா’ என்று கற்பிப்போர் கூறுங்கால், ‘பங்காளி வீட்டில் நாங்கள் கொள்வதில்லையே’ எனச் சிற்றூரார் விடையிறுப்பின் அஃது அறியாமையன்று. இரத்தம் என்பது அவர்க்குத் தந்தைவழி. மாமன் வீடு சம்பந்தி வீடு. தொல்காப்பியர் காலந்தொட்டு முறைப்பெயரைத் தனிவகையாகக் கண்ட மொழியில், அம்முறையை அறியாது ஒரு சொல்லைப் புகுத்துதல் கற்பித்தல் ஆகாது.

மூத்தோர் அனுபவத்தையும் எளிதில் ஒதுக்குதற்கில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் வடஆர்க்காட்டில் நடத்தி 1970களில் வெளியிட்ட ஆய்வுகள், உறவு மணத்தின் தீங்கு எதிர்பார்த்ததினும் குறைவு எனக் காட்டின. தீங்கு அறவே இல்லை என்பதன்று. அரிய மரபுநோய்கள் இம்மணங்களில் மிகுதியாக வெளிப்படுகின்றன. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணு இயல்பு 1952இல் கண்டறியப்பட்டது. அவ்வியல்பைத் தாங்கிய இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்புண்டு. இதில் ‘ஒவ்வொரு பேற்றிலும்’ என்பதே உயிர்நிலை. ‘நாலில் ஒன்று’ என்று மட்டும் கூறின், ஒரு குழந்தை நோயுற்றபின் அடுத்த மூன்றுக்கும் அச்சமில்லை எனப் பெற்றோர் கருதக்கூடும். உருபு ஒன்று விடுபட்டால் ஓர் உயிர் துன்புறும்.

2019-21இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்டிருள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவில் மணந்தோர். 1990களில் இத்தொகை இன்னும் மிகுதி. இக்குறைவுக்குக் கல்வியும் நகர்வாழ்வும் காரணம் எனலாம். மற்றொன்றும் உண்டு. இரு மக்களோடு நின்ற குடும்பங்களில் அத்தையும் மாமனும் அருகினர்; அவர் மக்களும் அருகினர். முறைப்பெண் வேண்டுமென்று தேடினும், முறைக்குரிய பெண் பல வீடுகளில் பிறக்கவேயில்லை.