எண்ணெய் விற்று வாங்கிய தளை

ஈரானின் தென்மேற்கே குஸிஸ்தான் மாநிலத்தில் மஸ்ஜிதே சுலைமான் என்றோர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டதும் உள்ளம் குளிரும். ஆனால் உலக வரலாற்றில் அவ்வூர் இடம்பெற்றது பள்ளிவாசலால் அன்று. 1908 மே 26 அன்று அங்கே தோண்டப்பட்ட கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டெழுந்தது. மேற்காசியாவில் வணிக அளவில் கிடைத்த முதல் எண்ணெய் அதுதான். அன்றிலிருந்து ஈரான் எந்த நாட்டோடு கை கோத்தாலும், எந்த நாட்டைப் பகைத்தாலும், அதன் பின்னணியில் எண்ணெயின் வாடை வீசிக்கொண்டே இருந்தது.

அந்த எண்ணெயைத் தோண்டும் உரிமையை 1901-லேயே அன்றைய காஜார் மன்னர் வில்லியம் டார்சி என்னும் ஆங்கிலேயருக்கு அறுபது ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஈரானுக்குக் கிடைக்கவேண்டிய பங்கு, நிகர இலாபத்தில் 16 விழுக்காடு. இதில் ஒரு நுட்பம் உண்டு. வடக்கேயுள்ள ஐந்து மாநிலங்கள் மட்டும் அந்த உரிமையில் சேர்க்கப்படவில்லை. ஏன் தெரியுமா? அண்டையிலிருந்த ரஷ்யப் பேரரசு சினம் கொள்ளும் என்ற அச்சமே காரணம்! 1907-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானை மூன்று மண்டலங்களாக வகுத்து, வடக்கு உனக்கு, தென்கிழக்கு எனக்கு, நடுப்பகுதி பொது என்று தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. 1914-இல், நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த தன் கடற்படைக்காக, பிரிட்டிஷ் அரசே அந்த எண்ணெய் நிறுவனத்தின் 51 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கிக்கொண்டது. அதன்பின் ஈரான் பேரம் பேசவேண்டியிருந்தது ஒரு வணிகரோடு அன்று; ஒரு வல்லரசோடு.

இரண்டாம் உலகப்போரில் 1941-இல் பிரிட்டனும் சோவியத் ரஷ்யாவும் இரு பக்கமும் படையோடு புகுந்தன. தெற்கே ஆங்கிலேயர் எண்ணெய் எடுப்பதைக் கண்ட ரஷ்யா, 1944-இல் வடக்கின் எண்ணெயைத் தனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கொடுத்தீர்களே, எங்களுக்கும் கொடுத்தால்தானே சமநிலை என்பது அதன் வாதம். அப்போதுதான் மஜ்லிஸ் என்னும் ஈரானிய நாடாளுமன்றத்தில் முஹம்மது முஸத்திக் எழுந்தார். இருவருக்கும் கொடுப்பது சமநிலை என்றால், இருவருக்கும் மறுப்பதும் சமநிலைதான் என்பது அவருடைய கொள்கை. அதற்கு அவர்கள் மொழியில் ‘முவாஸனயே மன்ஃபீ’ என்று பெயர். மதரஸாவில் அரபி இலக்கணம் ஓதியவர்களுக்கு ‘மன்ஃபீ’ என்ற சொல் புதிதன்று. எதிர்மறை என்பதே அதன் பொருள். அந்நியரோடு எண்ணெய் உரிமை பற்றி எந்த அமைச்சரும் பேச்சு நடத்தக்கூடாது என்று 1944 டிசம்பரில் அவர் முன்மொழிந்தது சட்டமாயிற்று. எண்ணெய் தருவதாக ஒப்புக்கொண்ட பின்னரே 1946-இல் ரஷ்யப் படை வெளியேறியது. மறு ஆண்டு அந்த ஒப்பந்தத்தை மஜ்லிஸ் 102-க்கு 2 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. ஏழை நாடொன்று தன் அறிவால் வென்ற அரிய நிகழ்ச்சி அது. அதே தீர்மானத்திலேயே, தெற்கின் எண்ணெயில் நாட்டின் உரிமையை மீட்க வேண்டும் என்ற வாசகமும் இருந்தது.

அதன் தொடர்ச்சிதான் 1951 மார்ச்சில் எண்ணெய்த் தொழில் நாட்டுடைமையானது. ஏப்ரல் இறுதியில் முஸத்திக் பிரதமரானார். ஆங்கிலேயர் வெளியேறினர், அபாதான் சுத்திகரிப்பு ஆலை முடங்கியது. ஈரானிய எண்ணெயை ஏற்றிச் சென்ற ‘ரோஸ் மேரி’ என்னும் கப்பல் 1952-இல் ஏடனில் தடுக்கப்பட்டது. பன்னாட்டு நீதிமன்றமோ, இவ்வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 1952 ஜூலை 22 அன்று கூறி, ஈரானின் வாதத்தை ஏற்றது. ஆங்கிலேய நீதிபதியான மெக்நெய்ரும் அதற்கே வாக்களித்தார். நீதி தவறாத அவரைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் தீர்ப்பு எண்ணெயை விற்றுத் தரவில்லை. 1953 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகளின் சூழ்ச்சியால் முஸத்திக் வீழ்த்தப்பட்டார். தன் பங்கை அமெரிக்க உளவுத்துறையின் ஆவணமே 2013-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. கூலி உடனே பங்கிடப்பட்டது. 1954-இல் அமைந்த கூட்டமைப்பில் பழைய ஆங்கிலேய நிறுவனத்திற்கு 40, அமெரிக்க நிறுவனங்களுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சு நிறுவனத்திற்கு 6 விழுக்காடு.

இனி வருவதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. எண்ணெயைப் பறித்தவர்கள் பணத்தையும் ஆயுதமாக்கித் தம்மிடமே திருப்பிக்கொண்ட கதை அது. 1964 அக்டோபரில் ஈரானிலிருந்த அமெரிக்கப் படையினரை அந்நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியாது என மஜ்லிஸ் சட்டமியற்றியது. சில நாட்களிலேயே ஆயுதம் வாங்க 20 கோடி டாலர் கடனுக்கும் ஒப்புதல் கிடைத்தது. அதை எதிர்த்துப் பேசிய கொமைனி அடுத்த மாதமே நாடு கடத்தப்பட்டார்.

(அக்காலத்தில் இரு நாடுகளும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. சென்னை மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலை 1965-இல் இந்திய அரசும், அமெரிக்க அமோகோ நிறுவனமும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியதே. 2019 மே மாதம் அமெரிக்கா தடை விலக்கை நிறுத்தியதும், இந்தியா ஈரானிய எண்ணெய் வாங்குவதையே நிறுத்தியது.)

1971 இறுதியில் பிரிட்டன் வளைகுடாவை விட்டுப் படையை விலக்கிக்கொண்டது. சோவியத்தைத் தடுக்க அங்கொரு காவலன் வேண்டுமல்லவா? 1972 மே மாதம் தெஹ்ரான் வந்த நிக்சன், அணுகுண்டு நீங்கலாக மன்னர் முஹம்மது ரிளா ஷா கேட்கும் ஆயுதமெல்லாம் தரலாம் என்று இசைந்தார். 1973 இறுதியில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. ஆயுதப் பட்டியலும் நீண்டது. வானில் அத்துமீறிப் பறந்த சோவியத் மிக்-25 விமானங்களைத் தடுக்க, எஃப்-14 போர் விமானங்கள் 80 கேட்கப்பட்டன. 79 வந்து சேர்ந்தன. அமெரிக்கக் கடற்படைக்கு வெளியே அவ்விமானத்தைப் பெற்ற ஒரே நாடு ஈரான். ஆனால் அவற்றைப் பழுது பார்க்கவும் அமெரிக்கரே வரவேண்டியிருந்தது! வாளை வாங்கியவரிடம் சாணைக்கல் இல்லை. என் எளிய கருத்தில், ஷா வாங்கியது வலிமையை அன்று. தவணை முடியாத ஒரு சார்பை.

1979-இல் ஷா வீழ்ந்தார். கிழக்குமில்லை, மேற்குமில்லை என்ற முழக்கம் எழுந்தது. முஸத்திக்கின் கொள்கை வேறு உடையில் மீண்டதுபோல் தோன்றியது. ஆனால் படைக்கலக் கொட்டிலில் இருந்தவை ஷா வாங்கிய அமெரிக்கக் கருவிகளே. 1980 செப்டம்பரில் சதாம் உசேனின் படை எல்லை தாண்டியபோது ஈரானுக்கு உதிரி பாகங்கள் இல்லை. ஈராக்கிற்கோ சோவியத்தும் பிரான்சும் வாரி வழங்கின. முடிவு என்ன? பெரிய ஷைத்தான் என்று தெருவில் எவரைச் சபித்தார்களோ, அவர்களிடமே 1985, 1986 ஆண்டுகளில் இரகசியமாக 2,000-க்கும் மேற்பட்ட டோ ஏவுகணைகளையும், ஹாக் ஏவுகணை உதிரி பாகங்களையும் ஈரான் வாங்கியது. இடையில் நின்று கைமாற்றியது இஸ்ரேல். இதை 1986 நவம்பரில் லெபனானின் ‘அஷ்ஷிராஃ’ இதழ் வெளியிட்டபோது இரு தலைநகரங்களும் தலைகுனிந்தன. தடை விதித்தவரும் விற்றார், சபித்தவரும் வாங்கினார்.

அமெரிக்கக் கடற்படை 2006-இல் எஃப்-14 விமானங்களுக்கு ஓய்வளித்தது. அவற்றின் பாகங்கள் எப்படியேனும் ஈரானைச் சென்றடையும் என்ற அச்சத்தால், பல விமானங்களை இயந்திரத்திலிட்டுத் துண்டு துண்டாக நொறுக்கினர். அப்பாகங்களின் விற்பனையைத் தடுக்க 2008-இல் சட்டமும் இயற்றினர்.