ஆடிக் கடைசியில் பெய்த மழை

எங்கள் வரலாற்றில் மழைக்கு இடம் கிடைப்பது அது பேரழிவோடு வரும்போது மட்டும்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து, மன்னாரையும் திருகோணமலையையும் உலுக்கிய புயலை எங்கள் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியை அங்குள்ளவர்கள் இன்றும் ஆண்டுக்கணக்கு வைக்கும் எல்லைக்கல்லாகப் பாவிக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது கொட்டிய மழையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள்.

நான் எழுதப்போவது பெயரில்லாத ஒரு மழையைப் பற்றி. அது புயலல்ல. எந்த வானிலைப் பதிவேட்டிலும் அதற்குத் தனிப் பக்கம் கிடைக்காது. 2009 ஆகஸ்ட் நடுப்பகுதியில், ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் வாரத்தில், வவுனியாச் சமவெளியில் சில மணிநேரம் பெய்த கோடை இடிமழை அது. ஆனால் எங்கள் அண்மைக்கால வரலாற்றை எழுதுகிறவர் எவரும் அதைக் கடந்து போகக்கூடாது என்பது என் எண்ணம்.

முதலில் அந்த நிலத்தின் காலநிலையைச் சொல்லவேண்டும். வன்னிக்கு மழை வாடைக்காற்றோடு வருவது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை பெய்வதுதான் ஆண்டின் பெரும்பங்கு. அதை நம்பித்தான் காலபோகம். சித்திரையில் ஒரு சிறுமழை உண்டு. அதன் பிறகு வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் காற்றின் ஆட்சி. தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தோடு புறப்படும் அந்தக் காற்று இரத்தினபுரியிலும் மலைநாட்டிலும் தன் நீரைக் கொட்டிவிட்டு, வன்னிக்கு வரும்போது வெறுங்கையோடு வரும். மரத்தை உலுப்பும், புழுதியைக் கிளப்பும், குளத்து நீரைக் குடிக்கும். மழை தராது.

இருந்தாலும் அந்த மாதங்களில் சில நாட்கள் காற்று திடீரென்று விழுந்துவிடும். அப்போது வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடு மேலெழும்பி, பின்னேரத்தில் கருமுகில் கட்டி, இடியோடு இரண்டு மூன்று மணிநேரம் ஊற்றிவிட்டுப் போகும். ஓர் ஊரில் பெய்யும், அடுத்த ஊரில் பெய்யாது. நாலைந்து நாள் இந்தக் குழப்பம் நீடித்து, பிறகு கச்சான் திரும்பவும் எழும்பும்.

எனது பெரியப்பா செட்டிகுளம் போகும் பாதையில் கமம் செய்தவர். பள்ளி விடுமுறைக்கு நாங்கள் அங்கே போவது ஆகஸ்டில்தான். சிறுபோக அரிவி வெட்டு நடக்கிற நேரம். வெட்டிய கதிரைச் சூடாக அடுக்கி வைத்திருப்பார்கள். காற்று நின்றால் பெரியப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. மேற்கே பார்த்துக்கொண்டே நிற்பார். முகில் கறுத்தால் வீட்டிலுள்ள பெண்கள், பிள்ளைகள், வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் களத்துக்கு ஓடவேண்டும். சூட்டை வைக்கோலால் மூடுவதும், களத்தைச் சுற்றி மண்வெட்டியால் வாய்க்கால் கீறுவதும் அரை மணி நேரத்தில் முடியவேண்டிய வேலை. மழை பெய்து ஓய்ந்த பிறகு அதே பெரியப்பா, “மாட்டுக்குப் புல்லு வரும், குளத்துக்கும் கொஞ்சம் சேரும்” என்று சமாதானப்படுவார். கோடை மழை அங்கே தொல்லையும்தான், கொடையும்தான். அது எவரையும் சாகடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதற்குக் காரணம் மழையின் கருணை அல்ல, மனிதருடைய ஏற்பாடு. ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நிலம் குளங்களால் ஆனது. ஒவ்வொரு ஊரும் ஒரு குளத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. குளத்துக்கு மேலே காடு. அதை வெட்டுவதில்லை. குளக்கட்டின் ஓரமாக மேட்டில் வீடுகள். துருசு வழியாக நீர் இறங்கும் பள்ளத்தில் வயல். வான் பாய்ந்தால் நீர் அடுத்த குளத்துக்குப் போகும். நீர் போகிற வழியில் எவரும் அடுப்பு மூட்டுவதில்லை. அந்தச் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி என்பது அங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

இனி 2009க்கு வருவோம். மே மாதம் 18ஆம், 19ஆம் திகதிகளோடு முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. உயிரோடு வெளியேறிய ஏறத்தாழ இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வைக்கப்பட்ட இடம் செட்டிகுளத்தை அடுத்த மெனிக்பாம். அருவியாற்றை அண்டிய காட்டை வெட்டி வெளியாக்கி, வலயம் வலயமாகப் பிரித்து, முட்கம்பி அடித்த இடம். வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களுடைய பெயர்களை வைத்தார்கள். பொன்னம்பலம் அருணாசலம் 1901இல் இலங்கையின் குடிசன மதிப்பை நடத்தியவர். அந்த மனிதருடைய பெயரைத் தாங்கிய கம்பி வேலிக்குள் தமிழர்கள் தலை எண்ணப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

காடு நின்றவரை அந்த நிலம் மழையைக் குடித்தது. இலை தாங்கியது, சருகு ஊறியது, வேர் உள்ளே இழுத்தது. இயந்திரத்தால் வழித்தெடுத்து, ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து, மூன்று மாத வெயிலில் காய்ந்தபோது மேல்மண் சீமெந்து போல இறுகிவிட்டது. அதன்மேல் கூடாரங்களும், கழிப்பறைக் குழிகளும், குறுகிய பாதைகளும். சில கூடாரங்களில் இரண்டு குடும்பங்கள், சிலவற்றில் அதற்கும் மேல்.

ஆகஸ்ட் 14 வெள்ளிக்கிழமையும் அதையொட்டிய நாட்களிலும் மழை பெய்தது. பள்ளமான வலயங்களில் நீர் கூடாரங்களுக்குள் புகுந்தது. கழிப்பறைக் குழிகள் நிரம்பி வழிந்தன. அந்த நீர் சமையல் இடத்துக்கும், படுக்கும் இடத்துக்கும், குழந்தைகள் நிற்கும் இடத்துக்கும் வந்தது. அடுப்பு எரியவில்லை. ஆயிரக்கணக்கானோர் தங்கிய இடத்தை விட்டெழும்பி மேட்டைத் தேடினார்கள். ஆனால் மேடு வேலிக்கு அப்பால் இருந்தால் அதுவும் அவர்களுக்கு இல்லை. அடுத்த நாட்களில் கொழும்பில் நடந்தது ஒரு வாக்குவாதம். வடிகாலும் கழிப்பறையும் யாருடைய பொறுப்பு என்று அரசாங்கத் தரப்பும் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகளும் ஒன்றையொன்று பார்த்துக் கேட்டுக்கொண்டன.

அந்த வாரம் யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இங்கே எட்மண்டனில், ஏப்ரல் தொடங்கி எழுபதுக்கும் மேற்பட்ட நாட்கள் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்ற எம்மவர்கள் களைத்து வீடு திரும்பி இரண்டு மாதமாகியிருந்தது. எவரும் எவரோடும் அதிகம் பேசாத காலம். எனது பெரியப்பாவின் மகள் அப்போது வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றில் இருந்தா. யாரோ ஒருவருடைய தொலைபேசியில் அவவின் குரல் இரண்டு நிமிடம் கேட்டது. முறைப்பாடு எதுவும் சொல்லவில்லை. “தம்பி, ஐயா இருந்திருந்தால் இந்த இடத்திலை ஒரு கொட்டில் போட விட்டிருக்கமாட்டார்” என்று மட்டும் சொன்னா. பிறகு என்னுடைய பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டா. தொடர்பு அறுந்துவிட்டது.

அந்த ஒரு வசனம் என்னை இந்த ஆராய்ச்சிக்குள் இழுத்தது. நான் குடியிருக்கும் இடத்தின் மழை வரலாற்றையும் தேடிப் பார்த்தேன். வியப்பான ஒரு பொருத்தம் கிடைத்தது. வடலண்டன் வரலாற்றிலும் ஆகஸ்ட் 14 ஒரு மழை நாள். 1975ஆம் ஆண்டு அதே திகதியில், எட்மண்டனுக்குத் தென்மேற்கே சில மைல் தள்ளியிருக்கும் ஹாம்ஸ்ரெட்டில் ஏறத்தாழ இரண்டரை மணிநேரத்தில் 170.8 மில்லிமீற்றர் மழை கொட்டியது. வன்னியில் நிகழ்வதும் இதே வகை மழைதான்: சூடேறிய நிலம், பின்னேரத்து முகில், ஓர் இடத்தின் தலையில் மட்டும் கொட்டும் இடிமழை. நிலக்கீழ் அறைகளும் சுரங்க ரயில் பாதைகளும் நீரால் நிரம்பின. எட்மண்டனுக்குக் கிழக்கே ஓடும் லீ ஆறு 1947 மார்ச்சில் பனி உருகிப் பெருக்கெடுத்துப் பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு இந்த நாட்டவர்கள் ஆற்றுக்குப் பக்கத்தில் வெள்ளம் வடிவதற்கென்றே தனிக் கால்வாய் வெட்டத் தொடங்கி, 1976இல் முடித்தார்கள். இன்று அந்தக் கரையில் எங்கள் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள்.

ஆங்கிலேயர் நல்லவர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வன்னிக் குளங்கள் பல தூர்ந்து கிடந்த காலத்தில் இலங்கையை ஆண்டவர்களும் அவர்கள்தான். நான் சொல்ல வருவது வேறு. ஹாம்ஸ்ரெட்டில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர் கதவைத் திறந்து வெளியே போனார். மேட்டிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போனார். நகரசபையிடம் சண்டை பிடித்தார். பெரியப்பாவின் ஊரில் மழை வந்தபோது களத்தைச் சுற்றி வாய்க்கால் கீற அவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. மெனிக்பாமில் பெய்த மழை இந்த இரண்டையும்விடப் பெரியதல்ல. ஹாம்ஸ்ரெட் மழையோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அங்கே நனைந்தவர்களுக்கு எழுந்து போகும் உரிமை இருக்கவில்லை. வன்னி நிலத்தை நன்கு அறிந்த கமக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அந்த வேலிக்குள் இருந்தார்கள். எந்த இடத்தில் நீர் நிற்கும் என்று அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலும் விரலால் காட்டியிருப்பார். கேட்கவில்லை.

அந்தச் சிறுமழை ஒரு காரியத்தைச் செய்தது. கோடையில் மூன்று மணிநேர மழைக்கே இப்படியென்றால், ஐப்பசியில் வாடைமழை தொடங்கும்போது என்ன நடக்கும் என்ற கேள்வியை எல்லோருக்கும் முன்னால் அது வைத்தது. செப்டம்பர் இறுதியில் அங்கு சென்ற ஐ.நா. பிரதிநிதி வால்ரர் கேலினும் இடம்பெயர்ந்தவர்களுடைய நடமாடும் உரிமையை வலியுறுத்தினார். ஒக்ரோபரின் பிற்பகுதியிலிருந்து மக்களை அனுப்பும் வேலை வேகம் பிடித்தது. டிசம்பர் 1 முதல் முகாமை விட்டு வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. 2010 ஜனவரியில் சனாதிபதித் தேர்தல் இருந்ததும், வெளிநாடுகளின் நெருக்குதலும் இதற்குக் காரணங்கள். மழைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

மெனிக்பாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்பிலவு மக்களும் இருந்தார்கள். அவர்களுடைய ஊர் இராணுவத்தின் கையில் இருந்ததால் வேறோர் இடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். 2017இலும் அவர்கள் தங்கள் காணி வாசலில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா இப்போது ஊரில் இருக்கிறா. வயல் பாதிதான் மீண்டது. போன ஆகஸ்டில் பேசியபோது காற்று நின்றுவிட்டது, மேற்கே கறுக்கிறது, களத்துக்கு ஓடவேண்டும் என்று சொல்லி அவசரமாகத் தொலைபேசியை வைத்தா. அன்று அது அறுந்தது போல அல்ல. நான் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.